வீட்டு சர்வர்: எதைக் கொண்டுவரலாம், எதை விட்டுவிடலாம்

மன்னார்குடி, கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் பக்கம் எந்தத் தெருவில் நுழைந்தாலும் வாசலைப் பார்த்தபடி கேமரா மாட்டிய வீடு ஒன்றாவது கண்ணில் படும். பிள்ளை சிங்கப்பூரில் இருப்பான், அல்லது துபாயில். அப்பா மாத்திரை போட்டுக்கொண்டு திண்ணைக்கு வந்துவிட்டாரா, பால்காரர் வந்துபோனாரா என்று அங்கிருந்தபடியே பார்த்துக்கொள்கிறான். அந்தப் படம் நம் வாசலிலிருந்து நேராக அவன் போனுக்குப் போகிறது என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைக்கிறார்கள். பெரும்பாலான கேமராக்களில் அப்படி நடப்பதில்லை. கேமரா, போன் இரண்டும் முதலில் தயாரிப்பு நிறுவனத்தின் சர்வரில், அதாவது எப்போதும் இணையத்தில் இருக்கும் கணினியில் போய்த் தங்களைப் பதிவு செய்துகொள்கின்றன. அந்த சர்வர்தான் இரண்டையும் கோத்துவிடுகிறது. நேர் இணைப்பு அமையாவிட்டால் வீடியோ முழுவதுமே அதன் வழியாகப் போகும். கிளவுட் ரெக்கார்டிங் போட்டிருந்தால் அங்கேயே தங்கிவிடவும் செய்யும். அது எந்த நாட்டில் இருக்கிறது, யார் கையில் இருக்கிறது என்று கேட்டால், கேமரா மாட்டிவிட்டுப் போன தம்பிக்கும் தெரியாது.

இதற்கு மாற்றாக ஒரு வழி கொஞ்ச காலமாகப் பேசப்படுகிறது. போட்டோ, கோப்பு, கேமரா பதிவு, படம் பார்ப்பது என்று இன்று வெளி நிறுவனங்களிடம் விட்டிருக்கும் வேலைகளை வீட்டிலேயே ஒரு சின்னக் கணினியில் ஓட்டிக்கொள்வது. செல்ஃப் ஹோஸ்டிங் என்பார்கள். தேவையான மென்பொருள் எல்லாம் காசில்லாமலே கிடைக்கிறது. கோப்புக்கும் காலண்டருக்கும் நெக்ஸ்ட்கிளவுட் 2016 முதல் இருக்கிறது. வீட்டில் சேர்த்துவைத்த படங்களையும் பாட்டையும் டிவியில் பார்க்க ஜெல்லிஃபின், 2018இல் வந்தது. போட்டோவுக்கு இம்மிச் என்று ஒன்று. 2022இல் தொடங்கி, 2025 அக்டோபரில்தான் நிலையான 2.0 பதிப்பைத் தொட்டது. முகத்தை வைத்து ஆளைப் பிரிப்பது, 'கடற்கரை' என்று தேடினால் கடற்கரைப் படங்களைக் காட்டுவது எல்லாம் அதில் வீட்டுக் கணினியிலேயே நடக்கிறது, வெளியே எதுவும் போவதில்லை.

எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டால் தனியுரிமை தானாக வந்துவிடும் என்று இதில் ஆர்வமுள்ளவர்கள் சொல்வதுண்டு. எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. போட்டோவையும் கேமராவையும் கொண்டுவந்தால் நம் வட்டார வீடுகளுக்குப் பட்ட பாட்டுக்குப் பலன் உண்டு. மின்னஞ்சலைத் தொடவே வேண்டாம். அப்புறம், நம் ஊரில் தகவல் ஒழுகுகிற பெரிய ஓட்டை சர்வரில் இல்லை, ஜெராக்ஸ் கடையில் இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

போட்டோ ஏன் முதலில்?

கூகுள் போட்டோஸ் 2021 ஜூன் 1 வரை, 'உயர் தரம்' என்ற அளவில் ஏற்றும் படங்களுக்குக் கணக்கே பார்க்கவில்லை. அன்றிலிருந்து எல்லாம் 15 ஜிபிக்குள் என்று ஆனது. அந்த 15 ஜிபியிலேயே மின்னஞ்சலும் டிரைவும் அடங்க வேண்டும். 2024 வாக்கில் ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் பேக்கப்பும் அதே கணக்கில் சேர்ந்துகொண்டது. 2016 மகாமகத்தில் எடுத்தது, 2020இல் தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கில் எடுத்தது, இடையில் எத்தனையோ காதுகுத்து, வளைகாப்பு. எல்லாம் சேர்ந்து இடத்தை அடைத்ததும் மாதாமாதம் பணம் கட்டு என்கிறது. பணம்கூடப் பெரிதில்லை. கணக்கு நம் கையில் இல்லை என்பதுதான் உறுத்துகிறது.

2024இல் குஜராத் உயர் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு ஒன்று. சின்னப் பிள்ளையாக இருந்தபோது பாட்டி குளிப்பாட்டும் படத்தை ஓர் எஞ்சினியர் தன் கூகுள் டிரைவில் ஏற்றியிருந்தார். தானியங்கிச் சோதனை அதைச் சிறார் ஆபாசமாக எடுத்துக்கொண்டு கணக்கை மூடிவிட்டது. மின்னஞ்சல் உட்பட எல்லாம் போய், மேல்முறையீட்டிலும் தீராமல் அவர் கோர்ட்டுக்குப் போனார். பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டும் படம் இல்லாத ஆல்பம் நம் வீடுகளில் உண்டா?

இன்னொன்று இதைவிடச் சாதாரணமாக நடக்கக்கூடியது. இரண்டு ஆண்டு தொடாமல் கிடக்கும் கணக்கை அழிப்போம் என்று கூகுள் அறிவித்து, 2023 டிசம்பரிலிருந்து அழித்தும் வருகிறது. நம் பெரியவர்களின் போனில் உள்ள கணக்கை யார் தொடங்கினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். போன் வாங்கிய கடையில் உள்ள பையன் தொடங்கிக் கொடுத்திருப்பான். பாஸ்வேர்ட் அவனுக்கும் நினைவிருக்காது. அந்தப் பெரியவர் காலமாகி, போனும் டிராயருக்குள் போய்விட்டால், அதிலிருந்த படங்களுக்கு வாழ்வு இரண்டே வருஷம்.

கேபிள்காரர் இணைப்பும் வெளியே வராத முகவரியும்

சரி, ஒரு சின்னக் கணினி வாங்கி இம்மிச் போட்டாயிற்று. வீட்டு வைஃபையில் நன்றாக ஓடுகிறது. கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு திறந்தால் திறக்கவில்லை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் முட்டிக்கொண்டு நிற்கும் இடம் இதுதான். இணையத்தில் கிடைக்கும் வெளிநாட்டு வழிகாட்டிகளில் பல இதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

காரணம் முகவரிப் பஞ்சம். இணையத்தில் ஒரு கருவியைக் கண்டுபிடிக்க உதவும் எண்தான் முகவரி, ஐபி என்பார்கள். பழைய ஐபிவி4 முறையில் உலகம் முழுமைக்கும் சேர்த்துச் சுமார் 430 கோடி முகவரிகள்தான் உண்டு. 2011 பிப்ரவரியில் மையக் கையிருப்பு தீர்ந்தது. ஆசிய, பசிபிக் பகுதிக்கான பங்கும் அந்த ஏப்ரலிலேயே அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. நம் ஊர்களில் ஃபைபர் இணைப்பு கொடுப்பவர் பெரும்பாலும் முன்பு கேபிள் டிவி கொடுத்த அதே ஆள். அவர் மேலே உள்ள நிறுவனத்திடம் வாங்கி நமக்குப் பிரித்துக் கொடுக்கிறார். கையில் உள்ள சொற்ப முகவரிகளை வைத்து நூற்றுக்கணக்கான வீடுகளைச் சமாளிக்க வேண்டும் என்பதால் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிறுத்துகிறார்கள். இதற்கு சிஜிநாட் என்று பெயர்.

வீட்டிலிருந்து வெளியே போக இதில் எந்தச் சிரமமும் இல்லை. வெளியிலிருந்து வீட்டுக்குள் வரத்தான் வழியில்லை. வெளியிலிருந்து வருவதை நம் கணினிக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங்கை ரவுட்டரில் போடச் சொல்லி எந்த வழிகாட்டியும் சொல்லும். தலைமதகு வேறு யார் கையிலோ இருக்க, நம் வயல் மடையை மட்டும் வெட்டிவிட்டுக் காத்திருப்பது மாதிரிதான் அது. நம் இணைப்பு இப்படிப்பட்டதா என்று பார்ப்பது சுலபம். ரவுட்டரின் உள்பக்கத்தில் 'வான் ஐபி' என்று ஒரு எண் இருக்கும். அது 100.64 முதல் 100.127 வரை ஏதோ ஒன்றில் தொடங்கினால் சந்தேகமே வேண்டாம்; அந்த வரிசையை 2012இல் இதற்கென்றே ஒதுக்கினார்கள். 10 என்று தொடங்கினாலும் கிட்டத்தட்ட அதே கதை.

வழிகள் உண்டு. கூடுதல் கட்டணம் கட்டி நிலையான ஐபி கேட்கலாம். கொடுப்பாரா என்பது கேபிள்காரரைப் பொறுத்தது. புதிய முகவரி முறையான ஐபிவி6 இருந்தால் வீட்டுக் கணினிக்கே சொந்தமாகப் பொது முகவரி கிடைக்கும். 2016இல் ஜியோ வந்த நாளிலிருந்து மொபைல் பக்கம் ஐபிவி6 பரவி, இந்தியா இதில் உலகின் முன்வரிசையில் இருக்கிறது. ஆனால் தெருமுனை ஃபைபரில் அது வருகிறதா என்பது வேறு விஷயம்.

நடைமுறையில் கைகொடுப்பது வயர்கார்ட் வகைச் சுரங்கப்பாதைதான். இரண்டு கருவிகளுக்கு நடுவே இணையத்தின் வழியாகவே பூட்டிய தனிப் பாதை போடும் விபிஎன் முறை அது, 2020 மார்ச்சில் லினக்ஸ் இயங்குதளத்தின் 5.6 கருவிலேயே சேர்ந்துவிட்டது. அதன் மேல் கட்டிய டெயில்ஸ்கேல் போன்ற சேவைகளில் வீட்டுக் கணினியும் நம் போனும் தாமே வெளியே எட்டிப் போய் ஒன்றையொன்று கண்டுபிடிக்கும். வெளியே போகத்தான் தடையில்லையே, அதனால் சிஜிநாட் இங்கே குறுக்கே வராது. கூர்ந்து பார்த்தால் முதல் பத்தியில் கேமரா நிறுவனம் செய்த அதே கோத்துவிடும் வேலைதான் இதுவும். வித்தியாசம் சாவியில் இருக்கிறது. இங்கே தகவலைப் பூட்டித் திறக்கும் மறையாக்கச் சாவி நம் கருவிகளை விட்டு வெளியே போவதில்லை. நடுவில் இருப்பவருக்கு எந்தக் கருவி எதனோடு எப்போது பேசியது என்று தெரியும், என்ன பேசியது என்று தெரியாது. அதுவும் பிடிக்காதவர்கள் ஹெட்ஸ்கேல் என்று ஒன்றை வைத்து அந்த நடு ஆளையும் சொந்தமாக்கிக்கொள்கிறார்கள். அதற்கு வெளியே ஒரு சர்வர் வாடகைக்கு எடுக்க வேண்டும். ஆரம்பத்தில் தேவையில்லை.

கிளவுட்ஃப்ளேர் டனல் இன்னும் எளிது என்று பலரும் அதில் போகிறார்கள். அதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மறையாக்கம் அவர்களுடைய சர்வரில் அவிழ்க்கப்பட்டு, பின்பு நம் வீட்டுக்கு வருகிறது. அதாவது நடுவில் அவர்களால் பார்க்க முடியும். பார்க்கிறார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு நிறுவனம் பார்க்கக் கூடாது என்றுதானே இவ்வளவு சிரமமும்?

விபிஎன் வைத்தால் சட்டச் சிக்கல் வருமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 2022 ஏப்ரலில் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவு, பொதுமக்களுக்கு விபிஎன் சேவை விற்கும் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரத்தை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்றது. அதனால் சில வெளிநாட்டு நிறுவனங்கள் இங்கிருந்த சர்வர்களையே எடுத்துக்கொண்டு போயின. நம் போனிலிருந்து நம் வீட்டுக்குப் போட்டுக்கொள்ளும் பாதை அந்தக் கணக்கில் வராது.

மின்சாரமும் மழையும்

பத்து வாட் இழுக்கும் மினி பிசி ஒன்று இரவு பகலாக ஓடினால் இரண்டு மாத பில்லுக்கு 14 யூனிட் சொச்சம் வரும். பரணில் கிடக்கும் பழைய டெஸ்க்டாப்பை ஏற்றிவைத்தால் 70 வாட் என்று வைத்துக்கொண்டாலும் 100 யூனிட்டைத் தாண்டும். வீடுகளுக்கு மின்வாரியம் இலவசமாகத் தரும் 100 யூனிட்டை அது ஒன்றே சாப்பிட்டுவிடும். 'பழைய கம்ப்யூட்டர் சும்மாதானே கிடக்கிறது' என்பது அதனால் அவ்வளவு சும்மா இல்லை.

பரணில் இன்னொன்று கிடக்கும் வீடுகள் நம் பக்கம் நிறைய. 2011 செப்டம்பரிலிருந்து அரசு மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப். தொடக்கத்தில் வந்தவற்றில் விண்டோஸோடு பாஸ் என்ற நம் நாட்டு லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள், அதை யாரும் திறந்ததுகூட இல்லை. திரை உடைந்தோ கீபோர்டு செத்தோ கிடக்கும் அந்த லேப்டாப் ஒரு நல்ல தொடக்க சர்வர். மின்சாரம் குறைவாகவே இழுக்கும், எல்லாவற்றையும்விட அதிலேயே பேட்டரி இருக்கிறது. கரண்ட் போனால் தானே தாங்கும், வேறு யுபிஎஸ் தேவையில்லை. பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் கழற்றி எறிந்துவிட வேண்டும், அதில் விளையாட்டு கூடாது. நினைவகம் குறைவு என்பதால் முகம் கண்டுபிடிக்கும் வேலையெல்லாம் அதில் திணறும். சிங்க்திங் என்ற மென்பொருளை வைத்து நாலு போன்களின் படங்களை ஒரே இடத்தில் சேர்ப்பதற்குத் தாராளமாகப் போதும்.

ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் கடைகளில் கிடைக்கிறது, அதை வாங்கிவிடுவது நல்லது. மினி பிசி என்றால், கணினி தொடங்கும்போதே திறக்கக்கூடிய பயாஸ் அமைப்பில் 'மின்சாரம் வந்ததும் தானே இயங்கு' என்பதைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் நாம் வெளியூரில் இருக்கும்போது ஒரு தடவை கரண்ட் போய் வந்தால் போதும், யாராவது போய்ப் பொத்தானை அமுக்கும்வரை சர்வர் தூங்கும். ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினி வைப்பவர்கள் மெமரி கார்டை நம்பக் கூடாது. தொடர்ந்து எழுதி எழுதி அது தேயும், நடுவில் கரண்ட் வெட்டினால் கெட்டும் போகும். சின்ன எஸ்எஸ்டி ஒன்றைச் சேர்த்துவிட வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை இடி மின்னலுக்கு ஃபைபர் ஒரு விதத்தில் நல்லது. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. பழைய தொலைபேசிக் கம்பி வழியாக மோடம் கருகிய காலம் போய்விட்டது. அடாப்டர் வழியாக வருவதைத்தான் தடுக்க வேண்டும். அதற்கு நல்ல எர்த் இருக்க வேண்டும். பழைய ஓட்டு வீடுகளில் அது இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

புயல் தனிக் கணக்கு. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது தென்னந்தோப்புகளோடு மின்கம்பங்களும் வரிசையாகச் சாய்ந்தன. நாகை, திருவாரூர், தஞ்சை மாவட்டக் கிராமங்கள் பலவற்றுக்கு வாரக்கணக்கில் கரண்ட் வரவில்லை. ஓடு பறந்த வீட்டில் நனையாத பொருள் ஏது? வீட்டு சர்வரில் மட்டும் படங்கள் இருந்து, அந்தப் பெட்டி தண்ணீரில் போயிருந்தால் எந்த நிறுவனத்தையும் குறை சொல்ல முடியாது. ஆகவே வீட்டில் ஒரு பிரதி போதாது. இன்னொரு ஊரில் ஒன்று வேண்டும். அண்ணன் திருச்சியில் இருந்தால் அவர் வீட்டில் ஒரு சின்னப் பெட்டி, அவருடைய படங்களுக்கு நம் வீட்டில் இடம். சிங்க்திங்கில் மறையாக்கம் செய்தே அனுப்பும் வசதி இருப்பதால், அண்ணி நம் வீட்டுப் படங்களைப் பார்க்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சிங்க்திங் ஒத்திசைப்பது மட்டும்தான் என்பதை மறக்கக் கூடாது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். பழைய பதிப்புகளை வைத்திருக்கும் வசதியை அந்தப் பக்கம் போட்டுவைக்க வேண்டும்.

கேமரா

மன்னார்குடியில் உறவில் ஒரு பெரியப்பா வீடு. கேமரா ஆப்பில் பழைய பதிவு ஒன்றை எடுத்துத் தரச் சொன்னார். உள்ளே போய்ப் பார்த்தால் கேமராவின் உரிமையாளர் என்று வேறு யாருடைய நம்பரோ இருந்தது. பெரியப்பாவுக்கும் சிங்கப்பூர் மகனுக்கும் 'பகிரப்பட்டது' என்றுதான் போட்டிருந்தது.

"இது யார் நம்பர் பெரியப்பா?"

"கேமரா மாட்டுன பையன்தான். நல்ல பையன்டா. ரிப்பேர்னு கூப்பிட்டா அரை மணியில வந்துருவான்."

நல்ல பையனாகவே இருக்கட்டும். மாட்டும்போது தன் போனில் கியூஆர் ஸ்கேன் செய்து சேர்த்துவிட்டு, அப்புறம் வீட்டுக்காரருக்குப் பகிர்வது அவர்களுக்கு வசதி. அந்தப் பையன் இப்படி எத்தனை வீட்டு வாசலைத் தன் போனில் வைத்திருக்கிறான் என்று அவனே எண்ணிப் பார்த்திருக்க மாட்டான். போன் தொலைந்தால் என்ன ஆகும் என்றும் யோசித்திருக்க மாட்டான். இதைச் சரிசெய்ய சர்வரெல்லாம் வேண்டாம். அவனையே கூப்பிட்டு, அவன் கணக்கிலிருந்து நீக்கச் சொல்லி, நம் போனில் புதிதாகச் சேர்த்தால் முடிந்தது. பெரியப்பா கொஞ்சம் தயங்கினார், பையன் கோபித்துக்கொள்வானோ என்று. அவன் சிரித்துக்கொண்டே செய்து கொடுத்துவிட்டுப் போனான்.

கேமராவின் ஆரம்பப் பாஸ்வேர்டையும் மாற்ற வேண்டும். 2016இல் மிராய் என்ற நச்சு நிரல் உலகம் முழுக்க ஐபி கேமராக்களையும் வீடியோ ரெக்கார்டர்களையும் பிடித்தது பெரிய வித்தையால் இல்லை. தொழிற்சாலையில் வைத்த பெயர், பாஸ்வேர்ட் ஜோடிகள் 60க்குச் சற்று மேல் அதனிடம் இருந்தன, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. அவ்வளவுதான். அப்படிப் பிடித்த கருவிகளை வைத்து அந்த அக்டோபர் 21 அன்று தளங்களின் பெயருக்கு முகவரி சொல்லும் டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கியதில் அமெரிக்காவில் பெரிய பெரிய தளங்களே திறக்காமல் நின்றன.

இதற்கு அடுத்த படி, எந்த நிறுவனத்துக்கும் பொதுவான ஆர்டிஎஸ்பி அல்லது ஆன்விஃப் முறையில் பேசத் தெரிந்த கேமராவாகப் பார்த்து வாங்கி, ரவுட்டரில் அதற்கு வெளி இணைய வழியையே அடைத்துவிடுவது. வீட்டுக்குள் ஃப்ரிகேட் என்ற மென்பொருள் அதன் படத்தை வாங்கிப் பதிவு செய்யும். ஆள் வந்தானா, மாடு வந்ததா என்று அதுவே பிரித்தும் சொல்லும். சிங்கப்பூர் மகன் முன்சொன்ன சுரங்கப்பாதை வழியாக வந்து பார்த்துக்கொள்வான். இதைச் செய்ய ஓரளவு பழக்கம் வேண்டும் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் வீட்டு சர்வரில் செய்யக்கூடிய எல்லா வேலைகளிலும் தனியுரிமைக்கு அதிகம் உதவுவது இதுதான் என்பது என் கணிப்பு. போட்டோ நாம் தேர்ந்தெடுத்து எடுப்பது. கேமரா, வீட்டுப் பெண்கள் கோலம் போடுவதிலிருந்து வருகிற போகிற எல்லோரையும் கேட்காமல் எடுக்கிறது.

ஒரு வேடிக்கை: எங்கிருந்தோ வீட்டுக் கருவியை இயக்குவது நம் விவசாயிகளுக்குப் புதிதே இல்லை. போர்செட்டில் சிம் போட்ட மொபைல் ஸ்டார்ட்டரை வைத்து, வீட்டுத் திண்ணையிலிருந்தே ஒரு கால் கொடுத்து மோட்டாரைப் போட்டு வருகிறார்கள். அதில் ஆப்பும் கிளவுடும் இல்லை.

விளம்பரத் தடுப்பைப் பற்றிச் சுருக்கமாக. பை-ஹோல் அல்லது ஆட்கார்ட் ஹோம் என்ற மென்பொருள், வீட்டில் யார் எந்தத் தளத்தின் பெயரைக் கேட்டாலும் அது விளம்பர, வேவு நிறுவனத்துடையது என்றால் 'தெரியாது' என்று சொல்லிவிடும். யூடியூப் விளம்பரத்தை நிறுத்தாது, அந்த ஆசையோடு போட வேண்டாம். ஸ்மார்ட் டிவி வீட்டுக்குத் தெரியாமல் எங்கெங்கே பேசுகிறது என்று பார்ப்பதற்காகவே ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம். திரையில் ஓடுவதையே கண்காணித்து விற்றதற்காக விசியோ என்ற டிவி நிறுவனம் 2017இல் அமெரிக்காவில் 22 லட்சம் டாலர் கட்டியது. நம் டிவியிலும் அமைப்புகளுக்குள் போய் 'பார்க்கும் தகவல்' என்பது மாதிரி ஏதாவது இருந்தால் அணைத்துவிடுங்கள்.

தொடாமல் விடவேண்டியவை

மின்னஞ்சல் சர்வர் வீட்டில் வேண்டாம். அஞ்சல் அனுப்பும் 25ஆம் எண் போர்ட்டைப் பெரும்பாலான வீட்டு இணைப்புகளில் அடைத்திருப்பார்கள். திறந்திருந்தாலும் வீட்டு ஐபியிலிருந்து வரும் கடிதத்தைப் பெரிய நிறுவனங்கள் ஸ்பேமில் தள்ளும். கடிதம் உண்மையிலேயே நம்மிடமிருந்துதான் என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்று ஒவ்வொன்றையும் சரியாக வைத்தும் அந்தக் கதிதான். 2024 பிப்ரவரியில் கூகுளும் யாகூவும் விதிகளை இன்னும் இறுக்கிவிட்டன. பாங்க்கிலிருந்து வர வேண்டிய கடிதம் கரண்ட் இல்லாத நேரத்தில் வந்து சேராமல் நிற்பதில் என்ன தனியுரிமை?

பாஸ்வேர்ட் பெட்டகம் விவாதத்துக்குரியது. வால்ட்வார்டன் என்ற மென்பொருளை வீட்டில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அவசியம் என்று எனக்குத் தோன்றவில்லை. பிட்வார்டன் போன்றவற்றில் நம் கருவியிலேயே மறையாக்கம் ஆகித்தான் வெளியே போகிறது, தலைப் பாஸ்வேர்ட் பலமாக இருந்தால் போதும். 2022இல் லாஸ்ட்பாஸ் என்ற பாஸ்வேர்ட் பெட்டக நிறுவனத்தில் நடந்த திருட்டு இரண்டு பக்கத்துக்கும் பாடம். அதன் மூத்த எஞ்சினியர் ஒருவரின் வீட்டுக் கணினிக்குள் திருடன் புகுந்தான். புகுந்த வழி, அவர் வீட்டில் படம் பார்க்க வைத்திருந்த பிளெக்ஸ் என்ற மீடியா மென்பொருள். அந்த ஓட்டைக்குத் திருத்தம் 2020லேயே வந்துவிட்டது, அவர் புதுப்பிக்கவே இல்லை. பெரிய நிறுவனம் கோட்டைவிடும் என்பதற்கு இதைக் காட்டலாம். வீட்டில் சர்வர் வைத்து அப்படியே போட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் இதையே காட்டலாம். அதே 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற நிரல் இணையத்துக்குத் திறந்துவைத்த க்யூநாப் சேமிப்புப் பெட்டிகளைப் பூட்டி, ஒவ்வொருவரிடமும் 0.03 பிட்காயின் கேட்டது. வெளி உலகத்துக்கு எந்தக் கதவையும் திறக்காமல் சுரங்கப்பாதை வழியாக மட்டும் வருவது ஏன் நல்லது என்பதற்கு வேறு காரணம் தேவையில்லை.

ஜெராக்ஸ் கடை

பயிர்க் காப்பீடு பதிய, கொள்முதல் நிலையத்தில் நெல் போட, ஒரு விவசாயி எடுத்துப் போகும் கட்டில் என்னென்ன இருக்கும்? ஆதார், சிட்டா, கிராம நிர்வாக அலுவலர் கொடுத்த அடங்கல், பாங்க் பாஸ்புக் முதல் பக்கம். இப்போது நகலெடுக்க யாரும் கடைக்குக் காகிதத்தை எடுத்துப் போவதில்லை. கடைச் சுவரில் ஒட்டியிருக்கும் நம்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். கடையில் உள்ள கணினியில் வாட்ஸ்அப் வெப் திறந்தே இருக்கிறது. பிரின்ட் போட அவர் இறக்குகிற ஒவ்வொன்றும் 'டவுன்லோட்ஸ்' பெட்டியில் போய் விழுகிறது. அறுவடைக் காலத்தில் அந்தப் பெட்டியைத் திறந்தால் ஒரு வட்டாரத்தின் ஆதார் எண்ணும் நிலமும் கணக்கு எண்ணும் தேதிவாரியாக அடுக்கியிருக்கும். கடைக்காரர் கெட்டவர் இல்லை. அழிக்க நேரமில்லாதவர். வாட்ஸ்அப் 2016 முதல் முனைக்கு முனை மறையாக்கம் செய்கிறது, உண்மைதான். அந்த முனை கடைக் கணினியாக இருக்கும்போது அதனால் என்ன பயன்?

நம் வீட்டில் எவ்வளவு நல்ல சர்வர் இருந்தாலும் இந்த இடத்தில் ஒன்றும் செய்யாது. செய்யக்கூடியவை வேறு. ஆதார் தளத்திலேயே முதல் 8 எண்களை மறைத்த ஆதார் இறக்கிக்கொள்ளலாம், முழு எண் கட்டாயம் இல்லாத இடத்தில் அதைக் கொடுக்கலாம். 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூர் அலுவலகம் இதையேதான் சொன்னது. நகலை எல்லோரிடமும் கொடுக்காதீர்கள், பிரவுசிங் சென்டரில் இறக்கினால் அழித்துவிட்டு வாருங்கள் என்று. தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று சொல்லி இரண்டே நாளில் அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள். எனக்கு இன்றும் அது சரியான அறிவுரையாகவே படுகிறது.

கைரேகையைப் பூட்டும் வசதியும் ஆதாரில் உண்டு. பத்திரப் பதிவு ஆவணங்களிலிருந்து ரேகையை நகலெடுத்து, ஆதார் வழியாகப் பணம் எடுக்கும் முறையில் கணக்கைக் காலி செய்த மோசடிகள் பல மாநிலங்களில் நடந்திருக்கின்றன. பூட்டிவிட்டால் அந்த வழி அடைபடும். ஆனால் ரேஷன் கடை இயந்திரத்திலும் ரேகை செல்லாது. அரிசி வாங்கப் போகும் முன் போனில் தற்காலிகமாகத் திறந்துகொள்ள வேண்டும். வீட்டில் ரேஷனுக்கு யார் போகிறாரோ அவருடையதை விட்டுவிட்டு மற்றவர்களுடையதைப் பூட்டுவது எங்கள் தெருவில் நடைமுறையாகச் சரிப்பட்டு வருகிறது.

சட்டத்தையும் சொல்ல வேண்டும். தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சொன்னது 2017 ஆகஸ்ட் 24. அதையொட்டி எண்ணிமத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. முக்கியமான கடமைகள் அமலுக்கு வர அதிலிருந்து 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். வீட்டு உபயோகத்துக்காக ஒருவர் வைத்திருக்கும் தகவல் இந்தச் சட்டத்துக்குள் வராது, ஆகவே இம்மிச் வைத்தவர் யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. ஜெராக்ஸ் கடை தொழில் செய்கிற இடம், அது உள்ளே வரும். அந்த 'டவுன்லோட்ஸ்' பெட்டியைச் சோதிக்க ஒரத்தநாட்டுக்கு யாராவது வருவார்களா என்று கேட்டால், நான் நம்பவில்லை. கடைக்காரரிடம் நின்று, "அண்ணே, பிரின்ட் எடுத்தாச்சுன்னா அதை அழிச்சிடுங்க" என்று சொல்வது வேலை செய்கிறது. முதல் தடவை ஒரு மாதிரி பார்ப்பார். அடுத்த தடவை நாம் கேட்கும் முன்பே அழித்துவிட்டு, "போயிடுச்சு பாருங்க" என்று திரையைத் திருப்பிக் காட்டுகிறார். ஷிஃப்ட்டை அமுக்கிக்கொண்டு அழிக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் ரீசைக்கிள் பின்னில் கிடக்கும்.